இளவட்டப் பையன்கள் ஏன் அளவில்லாமல் குடிக்கிறார்கள்?

வந்த கேள்வி இது: “அண்ணாச்சி, எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். தம்பிக்கு 22 வயது, சென்னையில் பலசரக்குக் கடையில் வேலை. மற்ற நாளில் தொடுவதே இல்லை என்கிறான். கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால் மூன்று நாளும் நிதானம் இல்லாமல் கிடக்கிறான். அப்பாவும் குடித்துத்தான் போய்ச் சேர்ந்தார். ‘சேர்க்கை சரியில்லை, ஒரு கால்கட்டு போட்டால் திருந்திவிடுவான்’ என்கிறார் அம்மா. கூடப் படித்தவர்கள் ஒரு பீரோடு எழுந்துபோக, இவன் மட்டும் ஏன் இப்படி? கடைசித் தம்பி பத்தாம் வகுப்பு படிக்கிறான். அவனையாவது காப்பாற்ற வழி உண்டா?”

தங்கச்சி, குடிப்பவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. எந்த வீட்டில் கேட்டாலும் முதலில் வரும் பதில் சேர்க்கைதான். அந்தச் சேர்க்கைப் பையன்களின் அம்மாக்களைக் கேட்டால் உங்கள் தம்பி பெயரைச் சொல்வார்கள். சேர்க்கைக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், வீட்டுக்குள் இருக்கும் காரணமும் பையனுக்குள் இருக்கும் காரணமும் கண்ணில் படாமலே போய்விடும். உங்கள் வீட்டு விஷயத்தில் அவை இரண்டும்தான் பெரியவை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு முன்னால் ‘அளவு’ என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் பக்கம் பையன்கள் “ஒரு குவார்ட்டர்தான் அண்ணே” என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அந்தக் குவார்ட்டர் பாட்டிலைக் கையில் எடுத்து லேபிளைப் பாருங்கள்: 180 மில்லி, 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் உள்ளே இருக்கும் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடைக் கணக்கில் சுமார் 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகையான குடி என்று வகைப்படுத்துகிறது. ஆக, ஒரு குவார்ட்டரை ஒரே ஆள் முடித்தாலே அந்தக் கோட்டைத் தாண்டியாயிற்று. ‘கட்டிங்’ போட்டு இரண்டு பேர் பகிர்ந்துகொண்டால் பாதி. ஸ்ட்ராங் பீர் என்றால் பெரிய பாட்டில் இரண்டு போதும், கோட்டைத் தாண்டிவிடும். ஈரல் இதை மணிக்கு ஏழெட்டு கிராம் வீதம்தான் கரைக்கும். 60 கிலோ எடையுள்ள பையன் நள்ளிரவில் ஒரு குவார்ட்டரை முடித்துவிட்டு, குளித்து, டீ குடித்து, காலை ஆறு மணிக்குப் பைக்கை எடுத்தாலும், 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்புக்கு மேல் இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த வயதுப் பையன்களை நாம் பறிகொடுப்பது பெரும்பாலும் ஈரல் கெட்டு அல்ல, ரோட்டில்தான்.

அதனால் ‘மற்ற நாளில் தொடுவதே இல்லை’ என்பதை வைத்து நிம்மதியாகிவிட வேண்டாம். அதே சமயம் அவன் குடிநோயாளி ஆகிவிட்டான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். விட்டுவிட்டு, ஆனால் மட்டில்லாமல் குடிப்பது இருபதுகளின் தொடக்கத்தில்தான் உலகம் முழுக்க உச்சத்தில் இருக்கிறது. பலர் வயது ஏற ஏறக் குறைத்துக்கொள்கிறார்கள். சிலர் அப்படியே உள்ளே இறங்கிவிடுகிறார்கள். அந்தச் சிலர் யார் என்பதுதான் உங்கள் கேள்வி.

முதல் அடையாளம் அப்பா. குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பிறவியிலேயே வருவது என்பது இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளில் கண்டது. 1970களில் டென்மார்க்கில், குடிநோயாளிகளுக்குப் பிறந்து சின்ன வயதிலேயே வேறு வீட்டுக்குத் தத்துப் போன ஆண்களைத் தேடிப் பார்த்தார்கள். பெற்ற அப்பாவின் முகமே தெரியாமல் வளர்ந்தும், மற்ற தத்துப் பிள்ளைகளைவிட நான்கு மடங்கு அதிகமாக அவர்கள் குடிநோயில் விழுந்திருந்தார்கள். இதைச் சொன்னால் “அப்போ தலையெழுத்தா?” என்று கேட்பார்கள். இல்லை. அந்த ஆய்விலும் பெரும்பாலானவர்கள் குடிநோயாளி ஆகவில்லை. சர்க்கரை நோய் உள்ள வீட்டுப் பிள்ளை இனிப்பில் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியிருப்பது மாதிரிதான் இதுவும்.

பிறவியில் வருவது என்ன என்று பார்த்தால், அதைத்தான் நம் ஊரில் பெருமையாகப் பேசுகிறோம். “எவ்வளவு அடிச்சாலும் அண்ணன் ஸ்டெடிடே” என்று ஒருவனைக் காட்டிச் சொல்வார்கள் பாருங்கள், அதுதான். அமெரிக்காவில் மார்க் ஷக்கிட் என்ற மனநல மருத்துவர் இருபது வயதையொட்டிய ஆண்களுக்கு ஒரே அளவு மதுவைக் கொடுத்து, யாருக்கு எவ்வளவு ஏறுகிறது என்று குறித்துவைத்தார். சுமார் பத்து வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பார்த்தார். குடிநோயாளிகளின் மகன்களில், அன்றைக்கு ‘ஏறாமல்’ ஸ்டெடியாக இருந்தவர்களில் 56 சதவீதம் பேர் குடிநோயில் விழுந்திருந்தார்கள். சீக்கிரம் ஏறித் தள்ளாடியவர்களில் அது 14 சதவீதம்தான். காரணம் கடினமானதில்லை. தலை சுற்றலும் குமட்டலும் ‘போதும்’ என்று உடம்பு கொடுக்கும் எச்சரிக்கை. அது இரண்டாவது கிளாசிலேயே வந்துவிட்டால் பையன் எழுந்துவிடுவான். கூடப் படித்தவர்கள் ஒரு பீரோடு எழுந்துபோனது நல்ல புத்தியால் மட்டும் என்று நினைக்காதீர்கள், அவர்கள் உடம்பு அவர்களை நிறுத்தியிருக்கலாம். உங்கள் தம்பிக்கு அந்த எச்சரிக்கை தாமதமாக வருகிறதோ என்னவோ. பந்தியில் கடைசி வரை நிதானமாக இருந்து, மற்றவர்களை வீட்டில் கொண்டுபோய் விடும் பையனைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. எனக்கு அவனைப் பற்றித்தான் முதலில் கவலை வரும்.

அப்புறம், வீட்டில் கண்டு பழகியது. அப்பா குடித்த வீட்டில் பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கும். தண்ணீர் பாக்கெட் வாங்கிவர, ஆம்லெட் கட்டிவர, கிளாசைக் கழுவிவைக்க என்று அனுப்புவார்கள். எட்டு வயதுப் பையன் மிச்சமிருக்கும் பாட்டிலை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவைத்திருப்பான். சந்தோஷத்துக்கும் அதுதான், சண்டைக்கும் அதுதான், இழவு வீட்டுக்கும் அதுதான் என்று பார்த்தே வளர்கிறான். அடியும் அவமானமும் பட்டு வளர்ந்திருந்தால் சுமை இன்னும் கூடும். சின்ன வயதில் வன்முறையும் புறக்கணிப்பும் அனுபவித்தவர்கள் பிற்காலத்தில் மிகையாகக் குடிப்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. ‘அப்பனைப் பார்த்தும் புத்தி வரலையே’ என்று திட்டுவோம். அப்பனைப் பார்த்ததனால்தான் பல பையன்கள் இதற்குள் வருகிறார்கள்.

கடைசித் தம்பிக்கு வருகிறேன். அவனுக்கு முக்கியமான ஒரே எண், முதல் மடக்கைக் குடிக்கும் வயது. 1990களில் அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பில், பதினைந்து வயதுக்கு முன்பே தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள். இருபதுக்கு மேல் தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குவதே காரணமா, ஏற்கெனவே துறுதுறுப்பும் வீட்டுப் பிரச்சினையும் உள்ள பிள்ளைகள்தான் சீக்கிரம் தொடங்குகிறார்களா என்று அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. இரண்டும் கலந்தது என்பதே என் எண்ணம். எப்படியானாலும் தள்ளிப்போடுவதில் நஷ்டமே இல்லை. யோசித்து நிறுத்தும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. இளசு மூளைக்குத் தூக்கமும் தள்ளாட்டமும் குறைவாகத் தெரியும், கூட்டத்தில் கிடைக்கும் குஷி அதிகமாகத் தெரியும். அதனால் அளவு எளிதில் மீறிப்போகும்.

நம் பக்கம் அந்த முதல் மடக்கு எங்கே நடக்கிறது? நான் கேட்டவரையில் பெரும்பாலும் கொடையில்தான். சுடலைமாடனுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பது காலகாலமாக உள்ள வழக்கம், அதைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் படையலைக் காட்டி ‘நம்ம சாமிக்கே உள்ளதுதானடே’ என்று பத்தாம் வகுப்புப் பையன் கையில் கிளாசைக் கொடுக்கும் சித்தப்பாவையும் மாமாவையும் குறைசொல்கிறேன். சாமியாடும் கோமரத்தாடி காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம் இருக்கிறார். சாமிக்கு மிக நெருக்கமாக நிற்கிறவர் தொடாததை, பந்தலுக்குப் பின்னால் நிற்கிற சிறுவனுக்கு யார் கொடுக்கச் சொன்னது?

கொடையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் எல்லாக் காரணங்களும் ஒரே இடத்தில் கூடுவது தெரியும். சென்னை, திருப்பூர், மும்பை, வளைகுடா என்று போன பையன்கள் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். கையில் சேர்த்துவைத்த பணம். மூன்று நாள் தூக்கம் இல்லை. நள்ளிரவில் நடக்கும் சாமக் கொடை முடிய விடிந்துவிடும் என்பதால் ‘எங்கே போயிருந்தாய்’ என்று வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை. மதுக்கடை பத்து மணிக்கு மூடிவிடும் என்று முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் கண்ணில் படக் கூடாது என்று வாய்க்கால் கரையிலோ பம்புசெட் ரூமிலோ உடைமரக் காட்டிலோ உட்கார்கிறார்கள். ஒளிந்து குடிப்பதில் ஒரு ஆபத்து உண்டு: யாராவது வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று தண்ணீர்கூடச் சரியாகக் கலக்காமல், வெறும் வயிற்றில், மடமடவென்று இறக்குவார்கள். ஒரே அளவை மூன்று மணி நேரத்தில் குடிப்பதும் இருபது நிமிடத்தில் குடிப்பதும் உடம்புக்கு ஒன்றல்ல. குற்றால சீசனுக்கு வண்டி பிடித்துப் போகும் கும்பலிலும், தலைவர் ஜெயந்தி ஊர்வலத்திலும், தேர்தல் நேரத்தில் இலவசமாக வந்து இறங்கும் பெட்டிகளிலும் இதே கதைதான்.

இப்போது சேர்க்கை. குடிக்கும் நண்பன் இருந்தால் குடி கூடும் என்பது உண்மைதான். ஆனால் குடிக்க விரும்புகிற பையன் அப்படிப்பட்ட நண்பனைத் தானே தேடிக்கொள்கிறான் என்பதும் அதே அளவு உண்மை. இன்னொன்றும் இருக்கிறது. ‘நம்ம செட்டில் எல்லாரும் இவ்வளவு குடிக்கிறார்கள்’ என்று பையன்கள் நினைக்கும் அளவு, உண்மையில் குடிக்கும் அளவைவிட எப்போதும் கூடுதலாகவே இருக்கும். குடித்தவன் சத்தம் போடுவான், வீடியோ போடுவான். குடிக்காதவன் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவான், அவனை யாரும் எண்ணுவதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்தான் குடிக்கிறார். கூச்சப்பட்டுக்கொண்டு மறைத்தவர்களைச் சேர்த்தால் கூடும், சரி. அப்படியும் ‘எல்லாரும்’ ஆகாது. இதைப் பையன்களிடம் சொன்னால் நம்ப மறுப்பார்கள்.

வேலையில்லாத் திண்டாட்டம் என்று அடுத்துச் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நான் பார்க்கும் பையன்களில் பலர் முதல் சம்பளத்தோடுதான் அதிகமாகக் குடிக்கத் தொடங்கினார்கள். சனிக்கிழமைக் கூலி, வாழைத்தார் லோடு ஏற்றியதும் கையில் விழும் ரொக்கம், ஒப்பந்த வேலையில் வாரக் கடைசி. வேலை போவது ஏற்கெனவே குடிப்பவனை இன்னும் கீழே தள்ளும், அது வேறு. மதுக்கடை பக்கத்தில் இருப்பதற்கும் சரக்கு மலிவாக இருப்பதற்கும் பங்கு உண்டு. 1983-ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் எடுத்துக்கொண்டது. 2016-லும் 2023-லும் ஐந்நூறு ஐந்நூறு கடைகளை மூடினார்கள். 21 வயது ஆகாதவனுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பதினேழு வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் சொந்தக்காரரோ ஊர் அண்ணன்மாரோதான். அவர்கள் கையை நிறுத்தாமல் கடைக்காரரை மட்டும் கேட்பதில் பாதிப் பயன்தான்.

உங்கள் தம்பி விஷயத்தில் நான் அதிகம் யோசிப்பது அவன் மனசைப் பற்றி. பலசரக்குக் கடை வேலை எப்படி என்று நம் ஜில்லாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பொழுது விடியும்போது ஷட்டரைத் தூக்கினால் ராத்திரி பதினொரு மணிக்கு இறக்குவது, கடைக்கு மேலேயே படுப்பது, நாள் முழுக்க மனிதர்கள் வந்தும் ஒருவரோடும் மனம்விட்டுப் பேச முடியாதது. ஊரைவிட்டுப் போன பையனுக்கு அப்பா செத்த துக்கத்தை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்திருக்குமா? மனச்சோர்வு, ஆட்களைக் கண்டால் கூச்சம், தூக்கமின்மை, சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியாத துறுதுறுப்பு எல்லாம் மிகைக் குடியோடு சேர்ந்தே வருபவை. குடி அவனுக்கு என்ன செய்து கொடுக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். “சிரிக்க முடியுது” என்று ஒருவன் சொல்வான். “தூங்க முடியுது” என்று இன்னொருவன் சொல்வான். இரண்டாமவன் என்றால் காலம் தாழ்த்தாதீர்கள். சந்தோஷத்துக்குக் குடிப்பவனைவிட, வேதனையை மறக்கக் குடிப்பவன் சீக்கிரம் அடிமையாகிறான்.

கால்கட்டு விஷயத்தில் உங்கள் அம்மாவிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். பொறுப்பு வந்ததும் குடியைக் குறைத்துக்கொண்ட ஆண்கள் உண்டு. அவர்கள் குறைக்கும் நிலையில் இருந்தவர்கள். இன்னும் என்னவென்றே தெரியாத ஒன்றுக்கு மருந்தாக வேறொரு வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்துவது பெரிய அநியாயம். அவள் வாங்கப்போகும் அடிக்கும் அவள் பிள்ளை கழுவப்போகும் கிளாசுக்கும் நாமே ஏற்பாடு செய்கிறோம். ஒரு வருடமாவது தள்ளிப்போடுங்கள்.

சரி, என்ன செய்வது? போதையில் இருக்கும்போதோ மறுநாள் காலையில் தலைவலியோடு கிடக்கும்போதோ பேசாதீர்கள். சென்னைக்குப் பஸ் ஏறுவதற்கு முந்தின நாள், நீங்கள் இருவர் மட்டும் இருக்கும்போது கேளுங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு எவ்வளவு, நிறுத்த நினைத்தும் முடியாமல் போனதுண்டா, இந்த மூன்றுதான். அப்பாவைப் பற்றியும் அந்த ‘ஸ்டெடி’யைப் பற்றியும் நான் மேலே சொன்னதைத் திட்டாமல் தகவலாகச் சொல்லுங்கள். அடிமையாகாத கட்டத்தில் இருக்கும் பையன்கள், மரியாதையோடு செய்யும் ஒரு சின்னப் பேச்சிலேயே அளவைக் குறைப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன், ஆய்வுகளும் அதையே சொல்கின்றன. உடனே ‘இனி தொடவே மாட்டேன்’ என்று சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் உடைந்தால் அவன் உங்களிடம் பேசுவதையே நிறுத்திவிடுவான்.

காலையில் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நடுக்கம் நிற்கிறது என்று சொன்னால் கதை வேறு. அந்த நிலையில் வீட்டிலேயே பூட்டிவைத்து நிறுத்தக் கூடாது. தினமும் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு முதல் நான்கு நாளில் புத்தி தடுமாறி இல்லாததெல்லாம் கண்ணில் தெரியலாம், உயிருக்கே ஆபத்து. மாலை போடும் அன்றைக்கு நிறுத்துகிற பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்க வேண்டும். சாப்பாட்டில் யாருக்கும் தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரையையும் தொடாதீர்கள். டைசல்பிராம் என்ற அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆள் போய்விடலாம். நோயாளி அறிந்து, சம்மதித்து, மருத்துவர் பார்வையில் மட்டும் கொடுக்க வேண்டியது அது.

சின்னவனுக்கு, முதலில் வீட்டில் ஒரு ஏற்பாடு: யாருக்காகவும் அவன் தண்ணீரோ கிளாசோ வாங்கப் போகக் கூடாது. பெரிய தம்பியிடமே இதைக் காவல் காக்கச் சொல்லுங்கள். கொடை ராத்திரியில் வில்லுப்பாட்டு முடிந்ததும் அவன் எங்கே, யாரோடு என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஐஸ்லாந்தில் 15-16 வயது மாணவர்களில் முந்தைய மாதத்தில் போதையேறக் குடித்தவர்கள் 1998-ல் 42 சதவீதம், 2016-ல் 5 சதவீதம். பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பெற்றவர்கள் தெரிந்துவைத்திருப்பது, ராத்திரி வெளியே சுற்றவிடாதது, சாயங்காலத்தில் விளையாட்டும் இசையும் கிடைக்கச் செய்வது என்று ஊர்கூடிச் செய்த காரியங்கள்தான் அதில் முக்கியம். அம்பாசமுத்திரத்தில் கபடி ஆடும் பையன்களுக்குச் சாயங்காலம் விளக்குப் போட்ட ஒரு மைதானம் கேட்டு வாங்குவது நம்மால் முடியாத காரியமில்லை.

குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைக்கிறது என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு சொன்னது. வெட்கம்தான் பெரிய தடை. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே பார்க்கலாம். போனிலேயே பேச வேண்டும் என்றால் 14416 மனநல உதவிக்கு, 14446 போதை மீட்புக்கு, இரண்டுமே இலவசம். தம்பி வர மறுத்தாலும் முதலில் நீங்கள் மட்டும் பேசலாம். அவன் சென்னையில் இருந்தபடியே அதே எண்களில் பேசலாம். ராத்திரி கடை சாத்திய பிறகும் 14416-ல் ஆள் இருப்பார்கள்.